கப்பலில் ஏறாத கார்

எங்கள் வீட்டில் நாயர் எப்போதும் குளிர்ச்சியாக இருப்பார். மீன், இட்லி மாவு, பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு சமையலறை மூலையில் முனகியபடி நிற்பார். நாயர் என்பது எங்கள் ஃபிரிட்ஜ். அரசு வேலையில் இருந்த ஒரு நாயர் மாற்றலாகிக் கோட்டயம் போனபோது விட்டுவிட்டுப் போனது. அதே மாதிரி நாங்கள் படுப்பது பானர்ஜியில். துணி துவைப்பது ரெட்டியில். "ரெட்டி இன்னைக்கு ரொம்பக் குதிக்காரு, பிடிச்சுக்கோங்க" என்று நான் உள்ளேயிருந்து கத்தினால், வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

போர்ட் பிளேயரில் இது ஒன்றும் அதிசயமில்லை. மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் சாமான்களை வாங்கிக் குவிப்பார்கள். மாற்றல் வந்ததும், அத்தனையையும் கட்டிக் கப்பலில் ஏற்றுகிற அலைச்சலை நினைத்து, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாற்றல் செய்தி அவர்கள் வீட்டுக்காரிக்குத் தெரியுமுன் தெருவுக்குத் தெரிந்துவிடும். உடனே போய் நின்று, "அந்த அலமாரி எனக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். முதலில் சொன்னவருக்குத்தான் பொருள். அதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நாங்கள் இருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இந்த விஷயத்தில் பிரிஸ்கில்லாவை யாரும் முந்த முடியாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

மற்றவர்களுக்கு இது சிக்கனம். எங்கள் வீட்டில் இது சட்டம், போட்டவள் நான். இங்கே புதிதாக எதுவும் வாங்கக் கூடாது, ஏனென்றால் நாங்கள் போகப்போகிறவர்கள். சொந்த ஊரான பெரியதாழையில் என் பெயரில் ஒரு மனை இருக்கிறது, அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதில் வீடு கட்டிக்கொண்டு ஊரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது நான் இந்தத் தீவில் கப்பலை விட்டு இறங்கிய நாளிலேயே முடிவான விஷயம். வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரிலிருந்து என் தங்கை அமுதம் போன் செய்து, "அக்கா, வேலி போட்டுரட்டா?" என்று கேட்பாள். "போட்டுரு" என்பேன். ஆள் வைத்து உடைமுள் வெட்டி மனையைச் சுற்றி அடைத்துவிடுவாள். ஆடு நுழையாது. பக்கத்து மனைக்காரனும் எட்டிப் பார்க்க மாட்டான். நாங்கள் ஒருநாள் வருவோம் என்பதற்கு ஊரில் இருந்த ஒரே அத்தாட்சி அந்த முள்வேலிதான்.

இந்த நிலைமையில்தான் என் வீட்டுக்காரர் நெல்சன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், "உமா மேடம் கார நாம வாங்கிருவோமா?" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றுவிட்டேன். அவர் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் படகு எஞ்சின் மெக்கானிக். பக்கெட் உடைந்தால்கூட, யாராவது ஊரைக் காலி பண்ணுகிறார்களா பார்ப்போம் என்று சொல்லி ஒட்டுப் போட்டு வைக்கிற ஆள். எனக்குத் தெரிந்து அவராக ஆசைப்பட்டுக் கேட்டது நல்ல நெத்திலி மட்டும்தான்.

"காரா? எதுக்கு?"

"மழைல நீ யூனிஃபார்ம் மூட்டைய மடியில வச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல வாரல்லா, பாவமா இருக்கு."

நான் வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து அபர்தீன் பஜார் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எங்கள் மகன் பீட்டர் பிறப்பதற்கு முன்னாலிருந்து கொடுத்து வருகிறேன். பீட்டர் இப்போது சென்னையில் வேலைக்கே போய்விட்டான். இத்தனை வருட மழையில் வராத பாவம் இப்போது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பார்ப்பதில் என்ன தப்பு என்று போனோம்.

உமா மகேஸ்வரி எங்களுக்கு மேல் தெருவில் இருந்தாள். மதுரைக்காரி, அரசு அலுவலகத்தில் வேலை. சென்னைக்கு மாற்றல் வந்திருந்தது. வீட்டில் பாதிச் சாமானுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாகிவிட்டது. வெளியே கார் நின்றது. சின்னது, வெள்ளை, கரண்ட்டில் ஓடுவது.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா, சத்தத்தக் கேப்போம்" என்றார் நெல்சன்.

"ஸ்டார்ட்லதாண்ணே இருக்கு."

அவர் குனிந்து பானெட்டில் காதை வைத்தார். எந்த எஞ்சினையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷர். கொஞ்ச நேரம் கேட்டார். மறுபக்கம் போய் மறு காதை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுமே பேச மாட்டேங்கே" என்றார், குழந்தை அழாததைப் பார்த்துப் பயந்தவர் மாதிரி.

"உள்ளதை முதல்லயே சொல்லிடுறேங்க்கா" என்று உமா என் பக்கம் திரும்பினாள். "நான் இதைக் கொண்டு போகத்தான் நெனச்சேன். கப்பல் ஆபீஸ்ல பேட்டரி வண்டி ஏத்த முடியாதுன்னுட்டாங்க. தீப்பிடிக்கும்னு பயமாம். நாளைக்கு நீங்க ஊருக்குப் போறதா இருந்தாலும் இதே கஷ்டம்தான். இது இந்தத் தீவ விட்டு எங்கயும் போகாது. யோசிச்சு வாங்கிக்கங்க."

"எங்கயும் போகாதா?" என்றார் நெல்சன்.

"போகாதுண்ணே."

"எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டானா?"

"மாட்டேன்னுதான் சொல்றாங்க."

அவர் முகம் மலர்ந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சந்தேகமே இல்லை. விலையைக் குறைக்க ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. காரின் கூரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் அங்கிருந்த மிக்ஸியைக் காட்டி, "இத யாரும் சொல்லியாச்சாம்மா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழப்பம் குடிவந்தது. நெல்சன் பார்க்கிற ஆளிடமெல்லாம் யோசனை கேட்டார். கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உப்புக் காத்தில் கரண்ட் வண்டி சீக்கிரம் செத்துப்போகும் என்றார் ஒருவர். எஞ்சினே இல்லை, துருப்பிடிக்க என்ன இருக்கிறது என்றார் இன்னொருவர். பெட்ரோல் புகை இல்லை, சுத்தமான வண்டி என்று கோயிலில் ஒரு வாத்தியார் சொன்னார். இங்கே கரண்ட்டே டீசல் போட்டுத்தானே எடுக்கிறான், அப்புறம் என்ன சுத்தம் என்று அவர் சம்சாரமே கேட்டார். அந்த அம்மா கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. வாத்தியார் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பீட்டர் போனில் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொன்னான். உமாவிடம் கேட்டோம், அவள் ஒரு எண்ணைக் காட்டினாள். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட மார்க்காக இருந்தால் பாஸ்.

நெல்சனின் கூட்டாளி முத்துவீரன் மாயாபந்தருக்கு வேன் ஓட்டுகிறவர். அவர் ஒரு சாயங்காலம் டீ குடிக்க வந்து உட்கார்ந்தார்.

"அரே அண்ணே, ஜிர்காடாங் தாண்டி ஆதிவாசிக் காட்டு ரோட்ல கான்வாய்ல போறப்ப சார்ஜ் எறங்கிருச்சுன்னு வைங்க. போலீஸ் வண்டி முன்னால, அம்பது வண்டி பின்னால. நடுக்காட்டுல நிக்கக் கூடாதுன்னு சட்டம். எறங்கித் தள்ளவும் கூடாது. என்ன பண்ணுவீங்க?"

"மாயாபந்தர் போக மாட்டேன்" என்றார் நெல்சன்.

"பேட்டரி போச்சுன்னா? மெயின்லேண்ட்லேர்ந்து ஆள் வரணும்."

"வரட்டும்."

"விக்கணும்னா இங்க எவன் வாங்குவான்?"

"விக்க மாட்டேன்."

முத்துவீரன் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "கோயி பாத் நஹி, கவலைய விடுங்க. ஊருக்குப் போறப்ப ஏஜென்ட்டப் பிடிச்சு எப்படியாச்சும் ஜஹாஸ்ல ஏத்திரலாம். ஒருத்தன் ஏத்துனான்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

காட்டுக்கும் பேட்டரிக்கும் கலங்காத மனுஷரின் முகம் இதற்குச் சுருங்கிவிட்டது. "யாரு ஏத்துனா? பேரென்ன? எப்ப?" என்று முத்துவீரனைத் துளைத்து எடுத்தார். முத்துவீரனுக்குப் பெயர் ஞாபகமில்லை, ஒருவேளை அது பேட்டரி ஸ்கூட்டராக இருக்கலாம் என்றார். அதன் பிறகுதான் நெல்சனுக்கு மூச்சு வந்தது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்த வாரம் அமுதம் கூப்பிட்டாள். "அக்கா, மழை எறங்கப் போவுது. வேலி போட்டுரட்டா?"

"போட்டு..." என்று ஆரம்பித்து, வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். "அத்தான் கார் வாங்கப் போறாராம்டி."

"நல்லதுதான. இங்க வரும்போது கொண்டு வந்துருவியல்லா? இங்கயும் பஸ்ஸு சரியில்ல."

"கப்பல்ல ஏத்த மாட்டானாம். இங்கயேதான் கெடக்கணுமாம்."

அமுதம் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "பொறவு எதுக்கு வாங்குதிய?"

மழைக்கு என்றேன். அவள் சரி என்றாள். வேலியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, வேலிக்கு நான் அப்புறம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன ஆயிற்று என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நெல்சன் மேல் காட்டினேன். கொண்டு போக முடியாததை எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "மழைக்கு" என்றார் அவரும். நான் அமுதத்திடம் சொன்ன அதே பொய், அதே குரல்.

உமாவோடு வேலை பார்த்த சுசீலாவின் வீடு டவுனுக்கு வெளியே சௌல்தாரியில் இருந்தது. சொல்லிக்கொண்டு வரப் போகிறேன், நீங்களும் வாங்க, அப்படியே ஓட்டிப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று உமா கூப்பிட்டாள். சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். நெல்சன் ஓட்டினார், உமா பக்கத்தில், நான் பின்னால்.

கார் நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. சுவர் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் ஒரு நாய் எழுந்திருக்கவே இல்லை; ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்து எங்களைத் திட்டுவது போல் பார்த்தது. மேட்டில் ஏறும்போது முன்னாலிருந்த சார்ஜ் எண் மடமடவென்று குறைந்தது. இறக்கத்தில் அதே எண் கூடியது.

"இது எப்படி, ஓட ஓடக் கூடுது?" என்றேன்.

"எறக்கத்துல அதுவே சார்ஜ் ஆகிக்கும்க்கா."

"அப்ப எறக்கமாப் பாத்துப் போனாப் போதுமா?"

"ஏத்தம் வருமேக்கா."

நெல்சன் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. கராச்சர்மா தாண்டி, பாக்குத் தோட்டங்கள் ஆரம்பித்த இடத்தில் ஜன்னலை இறக்கிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தார். சத்தமில்லாத வண்டியில் அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கு அந்தக் கார் பிடிக்க ஆரம்பித்தது. பிடித்ததும் பயம் வந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரியாததால் அதுவும் குழப்பத்தோடு சேர்ந்துகொண்டது.

சுசீலா வீட்டு வாசலில் போய் நிறுத்தியதும் உமாவுக்குப் போன் வந்தது. இறங்கி நின்று பேசினாள். "அப்படியா? நிஜமாவா? சரிங்க சார்" என்றாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, உங்களுக்கு யோகம்தான். கப்பல் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச சார்தான் பேசுனாரு. திரும்பக் கேட்டுப் பாத்தாராம். சார்ஜைக் கொறச்சு வச்சு, செக் பண்ணி ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா ஏத்தலாமாம். எனக்கு இனிமே பிரயோஜனமில்ல, எங்க வீட்டுக்காரரு சென்னையில வேற வண்டி வாங்கிட்டாரு. ஆனா உங்களுக்கு இருந்த ஒரே கொறையும் தீந்துச்சு. நீங்க ஊருக்குப் போறப்ப தாராளமாக் கொண்டு போலாம்."

நெல்சன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி மடியில் வைத்தார்.

"அப்ப வேண்டாம்மா" என்றார்.

"என்னண்ணே?"

"காரு வேண்டாம். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. மன்னிச்சுக்கோங்க."

உமா என்னைப் பார்த்தாள். நான் உமாவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து சுசீலா கூப்பிடும் சத்தம் கேட்டது. உமா, "நான் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடுறேன்" என்று நழுவினாள். விவரமான பெண்.

நான் இறங்கிப் போய் முன் ஸீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

"பீட்டரப்பா, இங்க பாருங்க. காரு கப்பல்ல போகாதுன்னா ஒங்களுக்கு வேணும். போகும்னா வேண்டாம். எனக்கு மண்டை காயுது. விவரமாச் சொல்லுங்க, இல்லன்னா நான் இங்கேருந்து நடந்தே வீட்டுக்குப் போயிருவேன்."

அவர் முன் கண்ணாடி வழியாகப் பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போக முடியாதது ஒண்ணு நம்ம வீட்ல இருக்கட்டும்னு நெனச்சேன்."

"என்னது?"

"நம்ம வீட்ல கெடக்கறது பூரா போறவன் விட்டுட்டுப் போனது. நாமளும் ஒருநா எவன்ட்டயாவது குடுத்துட்டுக் கெளம்புவோம்னு அதுக்குத் தெரியும். இந்தக் காரு அப்படி இல்ல. இது வாசல்ல நின்னா, அடுத்த வருஷம் போயிருவோம்னு நீ சொல்லும்போது, காரு கெடக்கே பிரிஸ்கி, இத விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான் கேப்பேன்லா."

எனக்கு விளங்க நேரமானது. விளங்கியதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"போகாண்டாம்னு ஒங்க வாயால சொல்ல வேண்டியதுதான? காரா வந்து பேசும்?"

"நான் எப்படிச் சொல்ல? கப்பல விட்டு எறங்கையில துறைமுகத்துல நின்னு நீ அழுத. கொஞ்ச வருசத்துல ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்னு சொன்னேன். சொன்னவன் நான். நானே எப்படி மாத்திச் சொல்ல?"

"போக எப்பேருந்து பிடிக்கல?"

"தெரியல. இங்க ஒரு போட்டு நின்னு போச்சுன்னா வங்காளிக்காரன்லேருந்து ராஞ்சிக்காரன் வரைக்கும் நெல்சன கூப்பிடுன்னு சொல்லுதான். பெரியதாழையில போய் எறங்குனா நான் யாரு? பிரிஸ்கில்லா புருஷன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடம் ஒரு மனுஷர் என் பக்கத்திலேயே பானர்ஜியில் படுத்துக்கொண்டு, இதை மனசில் வைத்துக்கொண்டு, நான் வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் உம் கொட்டியிருக்கிறார். வாசலைத் தெற்கே வைப்போமா என்றால் சரி என்பார். கிழக்கே என்றால் அதற்கும் சரி. எதிலும் கவலைப்படாத நல்ல மனுஷர் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று கத்த வாயெடுத்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

போன கிறிஸ்மஸுக்குப் பெரியதாழை போயிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன சில நாளிலேயே அமுதத்தின் அடுப்படியில் நின்று, "வீட்டுக்கு என்னைக்கு டிக்கெட்டு?" என்று நெல்சனிடம் கேட்டேன். அமுதம் சிரித்தாள், அப்ப இது வீடு இல்லியாக்கும் என்று. நானும் சிரித்து மழுப்பினேன். அதை அப்போதே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் நான் ஏன் போக வேண்டும் போக வேண்டும் என்று பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தேன்? சௌல்தாரியில் அந்தச் சத்தமில்லாத காருக்குள் உட்கார்ந்துதான் யோசித்தேன். போகப்போகிறவள் என்று இருந்தால் எதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒழுகுகிற கூரை, மழையில் ஸ்கூட்டர், கப்பல் வராத வாரத்தில் காய்கறி விலை, முகம் பார்க்க முடியாத தூரத்தில் பிள்ளை, எல்லாமே கொஞ்ச நாளைக்குத்தானே என்று தள்ளிவிடலாம். இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டால் எல்லாமே என்னுடையதாகிவிடும். நாயர், பானர்ஜி என்று பெயர் வைத்தது தமாஷுக்கு என்று நினைத்திருந்தேன். எனக்கு அவை எதுவும் சொந்தமில்லை என்பதை நான் எனக்கே ஞாபகப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன் போல. எனக்கு அழுகை வந்தது. ஊரை விடுவதற்கு அழுதேனா, இந்த மனுஷரை இப்படி ஊமையாக்கி வைத்திருந்ததற்கு அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அழாத" என்றார் நெல்சன். "காரு வேண்டாம். போவோம். அடுத்த வருஷம் கண்டிப்பாப் போயிருவோம்."

"சும்மா இருங்க" என்றேன். "ஒங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. போவோம்னும் சொல்லத் தெரியாது, வேண்டாம்னும் சொல்லத் தெரியாது."

உமா வெளியே வந்தாள். கையில் சுசீலா கொடுத்த தேங்காய்ப் பை. எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துத் தயங்கி நின்றாள். நான் ஜன்னலை இறக்கப் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. கதவைத் திறந்தேன்.

"உமா, காரு எங்களுக்கு" என்றேன்.

டெய்ரி ஃபார்மில் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். உமாவுக்கும் அது தெரியும். ஆனாலும் நெல்சனைக் காட்டி, "அண்ணன் வேண்டாம்னாரேக்கா" என்றாள்.

"அண்ணனுக்குக் கப்பல்ல ஏற முடியாத வண்டி வேணுமாம். இது ஏறும்னு நீ சொல்லிட்ட. ஏறுனா ஏறட்டும். நாங்க ஏத்தப் போறதில்ல."

நெல்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிரிஸ்கி, நெசமாவா சொல்லுத?" என்றார். எனக்கு நிஜமாகத்தானா என்று தெரியவில்லை, ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. வண்டியை எடுங்க என்றேன். அவர் சாவித் துவாரத்தைத் தேடினார். இந்த வண்டிக்குச் சாவித் துவாரமே கிடையாது என்று உமா காலையிலேயே சொல்லியிருந்தாள். ஏதோ பொத்தானை அமுக்கிவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கும் தெரியவில்லை.

உமா கிளம்பிப் போன மறுநாள் கார் எங்கள் வாசலுக்கு வந்தது. தெருவில் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "உமா மேடம் வண்டிதான?" என்று கேட்டாள். எங்கள் வீட்டு வழக்கப்படி அதற்கு உமா என்றுதான் பெயர் விழுந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்ல, நம்ம வண்டி" என்று நெல்சன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். சார்ஜ் போட வயரை இழுத்துக்கொண்டு வந்தவர், கரண்ட் போயிருப்பதை அதன் பிறகுதான் கவனித்தார். வயரைக் கையில் பிடித்தபடி காரின் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

அப்போதுதான் அமுதம் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க மேகம் கட்டிட்டு. முள்ளு வெட்டுத ஆளு வாசல்ல வந்து நிக்கான். வேலி போட்டுரட்டா?"

நான் வாசலைப் பார்த்தேன். நெல்சன் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய காது முழுவதும் இங்கேதான் இருந்தது, அன்றைக்கு பானெட்டில் வைத்தது போல.

"இந்த வருஷம் வேண்டாம், அமுதம்."

"வேண்டாமா? வேலி இல்லன்னா ஆடு உள்ள வந்து மேயுமே."

"மேயட்டும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நெல்சன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.